மெலிந்தவர்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனை தேவை
எடையைக் குறைத்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (PCOS) தானாகவே அடங்கிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. இந்தப் பிரச்சினை உள்ள என் தங்கையின் உடல் எடைக் குறியீடு 21தான். சிங்கப்பூரில் ஆசியர்களுக்கு வைத்திருக்கும் 23 என்ற வரம்புக்கும் கீழே. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சரியாக இருந்ததால், முதலில் பார்த்த மருந்தகத்தில் முகப்பருவுக்குக் களிம்பு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த அந்தத் திகட்டும் நீரை முகம் சுளித்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த பரிசோதனையில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 8.9 மில்லிமோல் வந்தது, 7.8க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அப்படி மிகுதியான இன்சுலின், சினைப்பையில் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள்) சுரப்பைத் தூண்டுவதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் குறைத்துவிடுகிறது. மெலிந்த உடலிலும் இது நடக்கும் என்பதால்தான், இந்தப் பிரச்சினைக்கான 2023ஆம் ஆண்டின் அனைத்துலக மருத்துவ வழிகாட்டி, எடை எதுவானாலும் சர்க்கரை நிலையைப் பரிசோதிக்கச் சொல்கிறது.