ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம், மீட்டரில் மைலேஜ் லிட்டருக்கு 40 கி.மீ. காட்டியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்த பழைய பாகம்) காலத்துப் பேச்சு. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இப்போதைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் ரொம்பக் குறையாதவரை பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் அணையாமல் ஓட அது எரிபொருள் குடிக்கும்.

அதைவிட முக்கியம், நியூட்ரலில் இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முழு பாரமும் பிரேக் மேல் விழும். அதிகம் சூடேறினால் பிரேக் சரியாகப் பிடிக்காது. குடும்பத்தோடு வருகிறவர்கள் தயவுசெய்து இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

அப்புறம், அந்த 40 வெறும் இறக்கக் கணக்கு. சேலத்தில் டேங்க் நிரப்பி, மலை ஏறி இறங்கி, அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள், உண்மையான மைலேஜ் தெரியும்.