கார் இழுக்குது, சரி. நிறுத்துமா?

"அதான் கார் இழுக்குதே அண்ணா."

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை யாராவது என் காதுபடச் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். மெல்பர்னில் சொந்தமாக டிரெய்லர், அதான் காருக்குப் பின்னால் மாட்டிச் சாமான் இழுக்கிற வண்டி, வைத்திருக்கும் பாவத்தைச் செய்த அத்தனை பேரும் இதைக் கேட்டிருப்பீர்கள். வீடு மாற்றும்போது, பழைய சோபாவைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகும்போது, தோட்டத்துக்கு மண் வாங்கும்போது. எடையைப் பற்றி வாயைத் திறந்தாலே போதும், பதில் தயாராக இருக்கும். இழுக்குதே. இழுக்காமல் என்ன செய்யும்? அடியில் சக்கரம் இருக்கிறது. தேரைக்கூட நூறு பேர் சேர்ந்தால் இழுத்துவிடுகிறார்கள். தேருக்குக் கட்டை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எது கஷ்டம் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. முதல் தோசை கல்லில் கிடக்கிறது. போன் வருகிறது.

"அண்ணா, டிரெய்லர் லேசா ஆடுது. கொஞ்சம் வர முடியுமா?"

லேசா. இந்த 'லேசா'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அந்தத் தம்பி என் டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு போனான். லேவர்ட்டன் பக்கம் யாரோ தரையில் பாவுகிற பழைய பேவர் கல்லை இலவசமாகக் கொடுக்கிறார்களாம், பின்கட்டில் போட வேண்டுமாம். நல்ல பையன், என் மகனுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பவன், எப்படி மாட்டேன் என்பது? அதனால் அரை மணி நேரம் நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டிரெய்லர் மூக்கில் இருக்கும் கப்ளிங்கை, காரின் பின்னால் டோ பார் என்ற இரும்புக் கட்டையில் இருக்கும் உருண்டை மேல், அதாவது டோ பால் மேல், இறக்கிப் பூட்டு, பூட்டிய பிறகு ஜாக்கியைச் சுற்றித் தூக்கிப் பார், காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் உண்மையாகப் பூட்டியிருக்கிறது. சங்கிலியை டோ பாரோடு ஷேக்கிள், அதாவது இரும்பு வளையக் கொக்கி, போட்டு மாட்டி, ஷேக்கிளின் திருகை இறுக்கு. சங்கிலி தரையில் உரசக் கூடாது, திரும்பும்போது இறுகவும் கூடாது. லைட் பிளக்கைச் செருகி, ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் இரண்டும் எரிகிறதா என்று பார். டயரில் காற்றுப் பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அப்புறம் எடை. இதைத்தான் மூன்று முறை சொன்னேன். என் டிரெய்லர் ஆறடிக்கு நாலடி, பிரேக் கிடையாது. தகட்டில் 750 கிலோ என்று அடித்திருக்கிறது, டிரெய்லரின் சொந்த எடை 230 கிலோவும் அதில் அடக்கம். இந்த நாட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்ச வரம்பே அந்த 750தான். அதைத் தாண்டினால் டிரெய்லருக்கென்று பிரேக் வேண்டும். 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கழன்று போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். ஆனால் டிரெய்லர் தாங்குவது மட்டும் கணக்கில்லை. கார் எவ்வளவு, டோ பார் எவ்வளவு, டிரெய்லர் எவ்வளவு என்று பார்த்து, எது குறைவோ அதுதான் வரம்பு. அவனுடைய கார் சின்னது. கையேட்டைப் புரட்டி அவன் கண் முன்னாலேயே காட்டினேன்: பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 450 கிலோ. அதில் டிரெய்லரே 230 போய்விட்டால் மிச்சம் 220. நாற்பது சென்டிமீட்டர் சதுரம், நாலு சென்டிமீட்டர் கனம் உள்ள கான்கிரீட் கல் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ வரும். ஆக, பதினாலு கல். "நடை அதிகமாகும் தம்பி, பேசாமல் நானே என் காரில் வந்து இழுத்துத் தருகிறேன்" என்றேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணா சிரமம்" என்றான்.

சிரமம் தரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேனே, அந்தச் சிரமத்தை.

பிரின்சஸ் ஃப்ரீவேயிலிருந்து ஃபோர்சைத் ரோடு பக்கம் இறங்கி, ஒரு ஓரமாக நிறுத்தியிருந்தான். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. காரின் பின்பக்கம் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது. டிரெய்லரின் மூக்கு மேலே, வால் கீழே. கிட்டே போய் எண்ணினேன். அறுபத்திரண்டு கல். அத்தனையும் பின்கதவை ஒட்டி அடுக்கியிருக்கிறது, முன்பாதி காலி, பெருக்கித் துடைத்த மாதிரி.

"ஏன்டா இப்படி அடுக்கின?"

"முன்னால வச்சா கார் பின்பக்கம் அமுங்குது அண்ணா. அதான் பின்னால தள்ளி வச்சேன். இப்ப பாருங்க, அமுங்கவே இல்ல."

அமுங்க வேண்டும்! கொஞ்சம் அமுங்கத்தான் வேண்டும்! டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த உருண்டை மேல் கீழ்நோக்கி உட்கார வேண்டும் என்றுதான் இங்கே பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்கின்றன. வீட்டில் எடை பார்க்கும் மெஷினை ஜாக்கிக் கட்டைக்கு அடியில் வைத்தாலே தெரிந்துவிடும். டிரெய்லர் என்பது அச்சில் நிற்கும் ஏற்றப்பலகை. பின்னால் கனம் ஏறினால் முன்னால் தூக்கும், தூக்கும்போது காரின் பின்சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கும். தரையை அழுத்திப் பிடிக்க வேண்டிய டயர் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். அப்புறம் ஒரு சின்னக் காற்று போதும். வால் ஆடும். மெதுவாகப் போனால் அந்த ஆட்டம் தானே அடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக வரும், கடைசியில் டிரெய்லர் காரை ஓட்டும்.

அதுதான் நடந்திருக்கிறது. 90-ல் போயிருக்கிறான். பக்கத்தில் ஒரு பெரிய லாரி தாண்டியிருக்கிறது. அந்தக் காற்று ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது, ஆட ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கிறான். வேகமாக இழுத்தால் நேராகிவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்தானாம். நூறைத் தொட்டிருக்கிறான். அப்புறம் பயந்துபோய் பிரேக்கை மிதித்திருக்கிறான். வரிசையாக இரண்டு தப்பு, ஒன்றையொன்று மிஞ்சும் தப்பு. ஆடும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, ஆட்டத்துக்கு ஆட்டம் எதிர்ப்பக்கம் திருப்பாதே, வேகம் தானாக இறங்கும்வரை பொறு. டிரெய்லருக்கென்று மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் தொடலாம். இதில்தான் அதுவும் இல்லையே.

மூன்று லேன்கள் அகலத்துக்கு ஆடியதாக அவனே சொன்னான். இதுதான் அந்த 'லேசா'.

இன்னும் முடியவில்லை. குனிந்து சங்கிலியைப் பார்த்தேன். ஷேக்கிளைக் காணோம். சங்கிலியை டோ பாரோடு கட்டியிருந்தது ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை. கணினிக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக் கட்டுவோமே, அது! ஷேக்கிள் எங்கேயோ விழுந்துவிட்டதாம், தற்காலிகமாகக் கட்டினானாம். கப்ளிங் கழன்றால் டிரெய்லருக்கும் எதிரே வருகிறவன் முகத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் சங்கிலி ஒன்றுதான். அதற்கு ஒரு ரூபாய் பெறாத பிளாஸ்டிக்.

கணக்குப் போட்டேன், அந்த ஓரத்திலேயே நின்று. 62 கல், தலா 15 கிலோ, 930. டிரெய்லர் 230. மொத்தம் 1160 கிலோ. அவனுடைய காரின் எடையே ஏறக்குறைய 1300 கிலோதான். கிட்டத்தட்ட இன்னொரு கார், பிரேக் இல்லாத கார், ஒரு 50 மில்லிமீட்டர் உருண்டையில் தொங்கிக்கொண்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகும். இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியது அந்தச் சின்னக் காரின் நாலு பிரேக்தான்.

இதைச் சொன்னபோதுதான் அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். "இல்லண்ணா, கார் இழுத்துச்சே."

அந்த நேரத்தில்தான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின் சீட்டில் அவனுடைய நாலு வயசுக் குழந்தை. பிஸ்கட் தின்றுகொண்டு எனக்குக் கையாட்டியது.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. குழந்தையை இறக்கி என் காரில் உட்காரவைத்தேன். அது மட்டும்தான் செய்யத் தோன்றியது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இந்த மாநிலத்தில் கார் லைசென்ஸ் இருந்தால் டிரெய்லர் இழுக்கலாம். காரில் சிவப்பு 'பி' எழுத்து ஒட்டிய புது லைசென்ஸ்காரர்களுக்குத்தான் தடை, அதைத் தாண்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேரலல் பார்க்கிங்குக்கு அவ்வளவு உயிரை எடுக்கிறவர்கள், ஒரு டன் கல்லைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவனிடம் கல்லை எங்கே வைப்பாய் என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? லண்டனில் இருக்கும் என் மச்சான் 1997-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர். பெரிய டிரெய்லர் இழுப்பதற்காகத் தனியாகப் பயிற்சி எடுத்து, தனித் தேர்வில் ஓட்டிக் காட்டினார். 2021 டிசம்பரில் அங்கேயும் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இருந்த ஒரு நல்ல பழக்கம், அதுவும் போச்சு.

சரி, கதைக்கு வருகிறேன். அறுபத்திரண்டு கல்லையும் புல்லில் இறக்கினோம். என் காரை மாட்டினேன், அது 750 வரை தாங்கும். முப்பத்தொரு கல் மட்டும் ஏற்றி, அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயுமாக அடுக்கி, பெல்ட் போட்டு இறுக்கினேன். வீட்டிலிருந்து வேறு ஷேக்கிள் கொண்டுபோயிருந்தேன். இரண்டு நடையில் முடிந்துவிட்டது. இரண்டே நடை! வெள்ளிக்கிழமையே என்னை வரச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

அந்த இரண்டு நடையிலும் ரோட்டில் என்ன பாடு! டிரெய்லர் இழுக்கும்போது முன்னால் இடம் விட வேண்டும், நாலு நொடி தூரமாவது. நிறுத்த அவ்வளவு தூரம் எடுக்கும், அதற்காக விடுகிற இடம் அது. டெரிமட் ரோட்டில் அந்த இடத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் அதற்குள் பாய்கிறார்கள். ஒரு கார் நுழைந்தது. நான் மெதுவாக்கி மறுபடி இடம் விட்டேன். இன்னொரு கார் நுழைந்தது. மறுபடி விட்டேன். மூன்றாவதாக ஒருத்தர் இண்டிகேட்டர்கூடப் போடாமல் நுழைந்து, சிக்னலில் பிரேக்கை மிதித்தார். அரை டன் கல் என்னை முதுகில் தள்ளுகிறது. அவருடைய பம்பருக்கும் என் காருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் மிச்சம். அவர் கண்ணாடியில் பார்த்து என்னைக் கையாலே திட்டுகிறார், நான் ஒட்டி வருகிறேனாம்! ஐயா, அந்த இடத்தை நான் உங்களுக்காக விடவில்லை. உங்களுக்கு முன்னால் போனவருடைய உயிருக்காக விட்டேன்.

டிரெய்லரைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டுப் பார்க்கிறேன், பிளக் தரையில் இழுபட்டு ஒரு பக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. ஒரு டயரின் உள்விளிம்பு சிராய்த்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் இறங்கின மாதிரி தெரிகிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சாயங்காலம் தம்பி மனைவியோடு வந்தான், கையில் ஒரு இனிப்பு டப்பா. அந்தப் பெண்ணிடம் அவன் முழுக்கதையும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் பேசியதிலிருந்தே தெரிந்தது. நான் சொன்னேன், அவன் முன்னாலேயே சொன்னேன். கோள் மூட்டுவது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வைக்கு என் அரை மணி நேரப் பாடம் ஈடாகாது.

இனி டிரெய்லர் வேண்டும் என்பவர்கள் என்னையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் இல்லாமல் அது வாசலைத் தாண்டாது.

இரவல் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவை யாரோ வாங்கிக்கொண்டு போனீர்கள். என் அம்மாவின் அண்டா, கும்பகோணத்தில் வாங்கினது, விமானத்தில் மற்ற சாமான்களைக் குறைத்துவிட்டு மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தது. அது பொங்கலுக்குப் பிறகு ஒரு வளைகாப்புக்குப் போனதாகவும், அங்கிருந்து கோயில் அன்னதானத்துக்குப் போனதாகவும் கேள்வி. அடுத்த மாதம் வீட்டில் விசேஷம் இருக்கிறது, மனைவி தினமும் கேட்கிறாள். யாரிடம் இருக்கிறதோ, ஒன்றும் கேட்க மாட்டேன், வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். மூடியோடு.