எந்தக் கேள்வியில் பிரிந்தார்கள்?

இடதுசாரி அரசியல் பக்கம் புதிதாக வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது: "எல்லார் கொடியும் சிவப்புதானே, ஏன் இத்தனை கட்சி?" அடுத்து கேட்பது: "இதுல எது உண்மையான கம்யூனிஸ்ட் கட்சி?" முதல் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் திருத்தல்வாதி, இடது சாகசவாதி, கலைப்புவாதி, பொருளாதாரவாதி என்று வசைப் பட்டியல் மட்டும் மனப்பாடமாகியிருக்கும். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு விவாதத்தின் முடிவில் பிறந்தவை. விவாதம் தெரியாமல் சொல்லை மட்டும் எடுத்து வீசுவதுதான் இன்றைக்கு முகநூலில் நடக்கும் பாதிச் சண்டை.

அடையாளம் கண்டுகொள்ள ஒரு சின்ன வழி இருக்கிறது. கொடியைப் பார்த்தால் குழப்பம்தான் வரும், எல்லாவற்றிலும் அரிவாள் சுத்தியல் இருக்கும். அமைப்பின் பெயர் எதில் முடிகிறது என்று பாருங்கள். மாணவர் பெருமன்றம், இளைஞர் பெருமன்றம், கலை இலக்கியப் பெருமன்றம் என்று 'பெருமன்றம்' வந்தால் பெரும்பாலும் சிபிஐ (இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி). மாணவர் சங்கம், வாலிபர் சங்கம், மாதர் சங்கம் என்றால் சிபிஎம் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி). சுவரொட்டியில் 'மக்கள்', 'புரட்சிகர', 'புதிய ஜனநாயக' என்று தொடங்கி 'கழகம்', 'முன்னணி' என்று முடிந்தால் எம்எல் (மார்க்சிஸ்ட் லெனினிஸ்ட்) மரபாக இருக்க வாய்ப்பு அதிகம். தொழிற்சங்கத்தில் ஏஐடியுசி (1920) சிபிஐ பக்கம், சிஐடியு (1970) சிபிஎம் பக்கம், ஏஐசிசிடியு எம்எல் கட்சிகளில் ஒன்றான லிபரேஷன் பக்கம். வாக்குச்சாவடியில் கதிர் அரிவாள் சிபிஐ. அரிவாள் சுத்தியல் நட்சத்திரம் சிபிஎம். மூன்று நட்சத்திரக் கொடி லிபரேஷன். பழைய ஆட்கள் 'வலது', 'இடது' என்பார்கள். 'வலது கம்யூனிஸ்ட்' என்றால் சிபிஐ; வலதுசாரி என்று தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பலரும் புதியவர்களை சோவியத் தலைவர்களான ஸ்டாலின், டிராட்ஸ்கி சண்டையில்தான் முதலில் இறக்கிவிடுகிறார்கள். வடசென்னையில் இருப்பவர் மாஸ்கோவில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. பெரம்பூரில் தொடங்கலாம். பின்னி ஆலை என்று நாம் சொல்லும் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைகளின் வரலாறு ஒன்றை ஒழுங்காகப் படித்தால், இடதுசாரி இயக்கத்தின் முக்கால்வாசிப் போக்குகளும் அதற்குள் வந்து போகும்.

1918 ஏப்ரல் 27-இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள். தலைவரான பி.பி.வாடியா பிரம்மஞான சபைக்காரர். துணை நின்ற திரு.வி.க. தேசியவாதி, காந்தி மீது பற்றுள்ளவர். இருவருமே கம்யூனிஸ்ட் இல்லை. தொழிலாளி மனிதனாக நடத்தப்பட வேண்டும், கூலி உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அந்த வழக்கில் பட்டவர்த்தனமானது, 1926 தொழிற்சங்கச் சட்டம் வர அதுவும் ஒரு காரணம். இது தொழிற்சங்கப் போக்கு. சங்கம் மட்டும் போதும், ஆட்சி அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி வேண்டாம் என்று அதோடு நிற்பதைத்தான் பிற்பாடு 'பொருளாதாரவாதம்' என்று விமர்சித்தார்கள்.

1921 வேலைநிறுத்தத்தைக் கட்டாயம் நிதானமாகப் படியுங்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்ற சாதித் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. எம்.சி.ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். 'கருங்காலிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது ஒரு வாசிப்பு. சேரியில் இருப்பவனுக்குச் சேமிப்பும் இல்லை, கடன் கொடுக்கக் கடைக்காரனும் இல்லை, வேலைநிறுத்தத்தின் சுமை எல்லாருக்கும் ஒரே எடை இல்லை, சங்கத் தலைமையிலும் அவனுக்கு இடமில்லை என்பது இன்னொரு வாசிப்பு. என் கருத்தில் இரண்டாவதைப் படிக்காதவர் வடசென்னையில் இடதுசாரி வேலை செய்யவே முடியாது. வர்க்கம் முதலா சாதி முதலா என்று இன்றைக்கும் நடக்கும் விவாதம், மார்க்சியரும் அம்பேத்கரியரும் பெரியாரியரும் மோதுகிற, சேர்கிற இடம், எல்லாமே அந்தத் தெருக்களில் நூறு வருடத்துக்கு முன்பே கிடந்தது.

சென்னையின் முன்னோடிக் கம்யூனிஸ்டான சிங்காரவேலர் 1923 மே 1-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதனால்தான் சிபிஐ தன் பிறந்த நாளை 1925 டிசம்பர் 26 என்கிறது. சிபிஎம் 1920 அக்டோபர் 17 என்று, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள தாஷ்கண்டில் நடந்த கூட்டத்தைச் சொல்லும். கட்சி பிறந்த தேதியிலேயே ஒத்துப்போகவில்லையே என்று தோன்றும். நாட்டுக்குள் நடந்த மாநாட்டில் பிறந்ததா, சர்வதேச இயக்கத்தின் கிளையாக வெளியே பிறந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தத் தாஷ்கண்ட் கூட்டத்துக்குத் தலைவராக இருந்த எம்.பி.டி.ஆச்சார்யா சென்னைக்காரர், சில வருடத்திலேயே கட்சி என்ற வடிவமே அதிகாரத்தைக் குவிக்கிறது என்று அராஜகவாதியாக மாறினார். 'அராஜகம்' என்றால் கலவரம் என்ற அர்த்தத்தில் இங்கே படிக்கக் கூடாது. அரசே வேண்டாம் என்கிற கொள்கை அது.

டிராட்ஸ்கியம் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு: 1946-இல் அதே பெரம்பூர் சங்கத்தின் தலைவரானவர் எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை. இலங்கையிலிருந்து வந்த டிராட்ஸ்கியவாதி. 1947-இல் ஏறக்குறைய நூறு நாள் நீடித்த பின்னி வேலைநிறுத்தம் அவர் காலத்தில்தான். 1957-இல் வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவர் இருந்த போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சி 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஆதரித்தது. சோவியத்தை ஹிட்லர் தாக்கிய பிறகு இது மக்கள் யுத்தம் என்று சொன்ன கம்யூனிஸ்ட் கட்சி ஆதரிக்கவில்லை. கேள்வி இதுதான்: முதலில் பாசிசத்தை வீழ்த்து, பிறகு விடுதலை, பிறகு சோசலிசம் என்று கட்டம் கட்டமாகப் போவதா, இல்லை டிராட்ஸ்கியவாதிகள் சொல்வதுபோல் கட்டம் பிரிப்பதே தப்பா? இந்தக் கேள்வியோடு படித்தால் 'நிரந்தரப் புரட்சி' என்ற சொல் தானாகப் புரியும்.

பெரியார் 1932-இல் சோவியத் போய்வந்த பிறகு சிங்காரவேலரோடு சேர்ந்து சமதர்மம் பேசிய ஈரோட்டுத் திட்டம் வந்தது. 1934-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. அரசின் நெருக்கடியில் பெரியார் சமதர்மப் பிரச்சாரத்தை ஒதுக்கிவைத்தார். ஜீவா (ஜீவானந்தம்) போன்றவர்கள் விலகினார்கள். அதே ஜீவாதான் 1952-இல் வண்ணாரப்பேட்டையில் நின்று சட்டமன்றம் போனவர். பெரியாரியருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே உள்ள உறவும் உரசலும் அங்கே தொடங்குகிறது.

சரி, 1964. கம்யூனிஸ்ட் கட்சி சிபிஐ, சிபிஎம் என்று இரண்டாக உடைந்த வருடம். இதைத்தான் எல்லாரும் "ரஷ்யா பக்கம், சீனா பக்கம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மாஸ்கோ பீக்கிங் தகராறும் 1962 எல்லைப் போரும் பின்னணியில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கட்சித் திட்டங்களை அருகருகே வைத்துப் பாருங்கள், இந்திய அரசு எந்த வர்க்கத்தின் கையில் இருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு மூன்று பதில் கிடைக்கும். சிபிஐ பார்வையில் இந்திய முதலாளிகளில் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கிற தேசியப் பகுதி ஒன்று உண்டு. அவர்களையும் சேர்த்து தேசிய ஜனநாயக முன்னணி கட்டலாம். சிபிஎம் பார்வையில் அரசு முதலாளி நிலப்பிரபுக்களின் கையில், அதற்குள் பெருமுதலாளிகள் தலைமையில் இருக்கிறது. எனவே தொழிலாளி வர்க்கத் தலைமையில் மக்கள் ஜனநாயகப் புரட்சி. 1967-இல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் நடந்த உழவர் எழுச்சிக்குப் பிறகு 1969-இல் உருவான எம்எல் கட்சியின் பார்வையில் இது அரைக் காலனி, அரை நிலப்பிரபுத்துவ நாடு. பெருமுதலாளி ஏகாதிபத்தியத்தின் வெறும் தரகன். எனவே புதிய ஜனநாயகப் புரட்சி, கிராமத்திலிருந்து ஆயுதப் போராட்டம்.

இதில் ஒரு சொல் மாறினால் கூட்டணி மாறும். தேசிய முதலாளி இருக்கிறான் என்று நம்பினால் காங்கிரசின் ஒரு பகுதியோடு சேரலாம். 1975 அவசரநிலையை சிபிஐ ஆதரித்ததும் சிபிஎம் எதிர்த்ததும் இதன் நேரடி விளைவு. சிபிஐ அதைத் தவறு என்று 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டது. ஒரு கட்சி தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணங்களைத் தேடிப் படியுங்கள், வேறு எதையும்விட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

எம்எல் என்றாலே மாவோயிஸ்ட் என்று நினைப்பது பெரிய பிழை, ஆபத்தான பிழையும்கூட. எம்எல் மரபில் தேர்தலில் நிற்பவர்கள் உண்டு, தேர்தலைப் புறக்கணித்து வெளிப்படையாக மக்கள் மத்தியில் வேலை செய்பவர்களும் உண்டு. 2004-இல் உருவான மாவோயிஸ்ட் கட்சி தனி. மத்திய அரசு 2009-இல் அதை ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் தடை செய்தது. தடை செய்த அமைப்பில் வெறுமனே உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் எந்த அமைப்பு என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் வீரவசனம் பேசும் குழுக்களில் சேர வேண்டாம்.

பழைய கதை போதும், நம் கண்முன் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போகிறது, மாதம் சுமார் 23 ஆயிரம் வந்துகொண்டிருந்தது 17 ஆயிரத்துக்குள் இறங்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13-ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். முன்னால் நின்றது உழைப்போர் உரிமை இயக்கம் என்ற தொழிற்சங்கம். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகளும் பணியாளர்களுக்கு ஆதரவாகப் பேசின. கூட்டணிக்குள் இருந்துகொண்டு எவ்வளவு தூரம் எதிர்க்க முடியும் என்ற கேள்வி அங்கே வந்தது. பணி நிரந்தரம் வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. நிரந்தரம் கேட்பது அந்த வேலை செய்யும் சாதியினரை அதே தொழிலிலேயே நிறுத்திவைக்காதா என்று விசிக தலைவர் திருமாவளவன் கேட்டது அம்பேத்கரிய மரபிலிருந்து வந்த கேள்வி. இன்றைய சோற்றுக்கு நிரந்தரம் வேண்டும், நாளைய தலைமுறைக்கு அந்தத் தொழிலிலிருந்தே விடுதலை வேண்டும். இரண்டையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இதை 'துரோகம்' என்ற ஒரு சொல்லால் கடந்தவர்கள் இத்தனை போக்குகளை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பைத் தவறவிட்டார்கள்.

படிக்கிற வரிசை பற்றி: கம்யூனிஸ்ட் அறிக்கையில் (1848) பலர் முதல் இரண்டு பகுதியோடு மூடிவிடுகிறார்கள். மூன்றாவது பகுதிதான் அன்றைக்கிருந்த சோசலிசப் போக்குகளை வகை பிரித்து விமர்சிப்பது. புதியவருக்கு அதுதான் பாடம். அடுத்து சிபிஐ, சிபிஎம், ஏதாவது ஒரு எம்எல் கட்சி, மூன்றின் கட்சித் திட்டம். மேடைப் பேச்சு வேண்டாம், திட்டம். ஒரு நோட்டில் நான்கு கோடு போட்டு எழுதுங்கள்: அரசு யார் கையில், யாரோடு கூட்டு யார் தலைமை, தேர்தல் எதற்கு, சாதி எங்கே வருகிறது. நான்காவது கோட்டில் ஒவ்வொரு கட்சியும் எத்தனை வரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அதுவே நிறையச் சொல்லும். நியூ செஞ்சுரி சிபிஐ மரபுப் பதிப்பகம், பாரதி புத்தகாலயம் சிபிஎம் மரபு, கீழைக்காற்று எம்எல் மரபு; மூன்று கடையிலும் ஏறி இறங்குங்கள். பத்திரிகையில் சிபிஐயின் ஜனசக்தியும் சிபிஎம்மின் தீக்கதிரும் ஒரே செய்தியை எப்படித் தலைப்பிடுகின்றன என்று ஒரு மாதம் ஒப்பிட்டாலே போதும்.

சேர்வது என்றால் அவசரம் வேண்டாம். சிபிஎம்மில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும், ஒரு வருடம் பரீட்சார்த்த உறுப்பினர். அந்த ஒரு வருடம் அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கும்தான். கிளைக் கூட்டம் எப்படி இருக்கும் என்றால்: சங்க ஆபீசின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மினிட் நோட்டு. மேல்கமிட்டி ரிப்போர்ட் வைப்பார்கள், ஒரு சுற்று எல்லாரும் பேச வேண்டும், பிறகு வேலைப் பிரிவினை, லெவி (வருமானத்திலிருந்து கட்சிக்குக் கொடுக்கும் பங்கு), பத்திரிகைச் சந்தா. மார்க்ஸைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கும் என்று போகிறவர் கையில் நன்கொடை ரசீதுப் புத்தகம் வரும். மூன்றாவது மாதம் பலர் நின்றுவிடுவது இதனால்தான். ரசீதோடு போய் வீடு வீடாகத் தட்டும்போதுதான் தெருவில் யாருக்கு என்ன பிரச்சினை என்று தெரியும், அதனால் அதைச் செய்யுங்கள். ஆனால் அரசியல் வகுப்பு எப்போது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரசீது மட்டும் வந்து வகுப்பே வராத கிளை சீக்கிரம் வறண்டுவிடும்.

ஜனநாயக மத்தியத்துவம் என்றால் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், முடிவு எடுத்தபின் வெளியே ஒரே குரல். கமிட்டி முடிவுக்கு எதிராக முகநூலில் எழுதினால் விளக்கம் கேட்பார்கள். டிராட்ஸ்கிய மரபில் கருத்துக் குழுக்களாகக் கட்சிக்குள் இயங்கும் உரிமை உண்டு. சிபிஎம்மில் கோஷ்டிக்குத் தடை. எது சரி என்று முடிவெடுக்கும் முன் உங்கள் சுபாவத்துக்கு எது தாங்கும் என்று பாருங்கள்.

மாற்றுக் கருத்து சொல்ல வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. சிபிஎம் அகில இந்திய மாநாடு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கடைசியாக 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்தது. மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே அரசியல் நகல் தீர்மானத்தை, அதாவது வரைவை, வெளியிடுவார்கள். உறுப்பினரல்லாதவரும் வாங்கிப் படிக்கலாம், உறுப்பினர் திருத்தம் அனுப்பலாம். அடுத்த நகல் வரும்போது வாங்கி, கையில் பென்சிலோடு உட்காருங்கள். "இந்தப் பகுதி சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. பத்தி எண், எடுக்க வேண்டிய சொல், அந்த இடத்தில் வர வேண்டிய சொல், காரணம் இரண்டு வரி என்று எழுதிப் பாருங்கள்.