பயமே வரேல்லையாம்!

படம் பார்த்தால் பார்த்ததோடு விடுங்களேன். இல்லாவிட்டால் நல்லது, கூடாது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போங்கள். பேய்ப்படம் பார்த்துவிட்டு வருகிறவர் மட்டும் ஏன் இந்த யாழ்ப்பாணத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்? "சும்மா சொல்லக்கூடாது, எனக்கெண்டால் பயமே வரேல்லை." ஆர் ஐயா உங்களைக் கேட்டது? நகைச்சுவைப் படம் பார்த்துவிட்டு "எனக்குச் சிரிப்பே வரேல்லை, நான் அவ்வளவு திடமான ஆள்" என்று ஒருவரும் பெருமை பேசுவதில்லை. பேய்ப்படம் என்றால் மட்டும் ரிக்கெற் எடுத்துக்கொண்டு போய்ப் பயப்படாமல் இருந்துவிட்டு வந்து, அதற்கு எங்களிடம் சான்றிதழ் எதிர்பார்க்கிறார்கள். பயப்படத்தானே காசு கொடுத்தீர்கள்? பயம் வராவிட்டால் நட்டம் உங்களுக்கு, அதில் என்ன பெருமை?

பயம் வரவில்லை என்று சொல்வதோடு நின்றாலும் போகட்டும் என்று விடலாம். ஏன் வரவில்லை என்று விளக்கம் வேறு வரும். அந்த விளக்கத்துக்குள்தான் முழுப் படமும் இருக்கும்.

போன ஞாயிறு சொந்தத்தில் ஒரு அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற கிரியை. காலையில் அதற்காகக் கீரிமலைக் கடற்கரை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் அத்தான் முறையான ஒருவர். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, சோறு வரவில்லை. அந்த இடைவெளி போதாதா?

"தம்பி, உந்தப் புதுப் பேய்ப்படம் பாத்திட்டியே?"

"இல்லை அத்தான், இண்டைக்கு இரவுதான் போறன். ரிக்கெற் எடுத்திட்டன். தயவுசெய்து கதையைச் சொல்லிப்போடாதேங்கோ."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிக் கேட்பது? எழுதிக் கையெழுத்து வைத்தா கொடுப்பது?

"சேச்சே, நான் ஏன் சொல்லுறன். நீ போய்ப் பார். ஆனால் அந்தக் கிழவியில மட்டும் ஒரு கண் வைச்சிரு."

சரி, கிழவி போய்விட்டாள். அதுவரை எனக்கு அப்படி ஒரு கிழவி இருப்பதே தெரியாது. பருப்பு வந்தது. "கிணத்தடியில ஒரு பிள்ளை நிக்கும், அது உயிரோட இல்லை, அதை விடு, நான் சொல்லேல்லை." கத்தரிக்காய்ப் பால்கறி வந்தது. "இடைவேளைக்குப் பிறகு அவள் பால் காய்ச்சேக்க கதவுக்குப் பின்னால நிப்பா, அதுக்குத்தான் எல்லாரும் கத்துறாங்கள், எனக்கெண்டால் ஒண்டுமில்லை." ஒவ்வொரு கறிக்கும் ஒரு கொலை. நான் வாழைக்காய்ப் பொரியலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழும்பிப் போகலாமே என்பீர்கள். பெரியாட்கள் சாப்பிட்டு முடியமுன் பந்தியில் இருந்து எழும்பிப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் அந்தியேட்டி வீட்டில்? செத்த ஆளோடு எனக்கு ஏதோ கோபம் என்று அன்று பின்னேரமே ஊர் முழுக்கக் கதை போய்விடும். கதை கேட்டுத்தான் ஆகவேண்டும். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கையில் கொடுத்த கல்வெட்டை, அதுதான் செத்தவரின் நினைவுப் புத்தகத்தை, சுருட்டி, செத்த மனிதரின் படம் வெளியே தெரியத் தெரிய எனக்கு விசுக்கிக்கொண்டே, கடைசியில் அந்தக் குடும்பத்தில் யார் மிஞ்சுவது என்பதையும் சொல்லி முடித்தார். பாயாசம் வருவதற்கும் படம் முடிவதற்கும் சரி.

இயக்குநர் ஹிட்ச்காக்கை நினைத்தேன். 1960 இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரரிடம் கண்டிப்பாக நின்ற மனிதர். பார்த்தவர்களிடம் முடிவை வெளியே போய்ச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். பாவம், அவர் எங்கள் பந்தியில் ஒருநாள் இருந்திருக்க வேண்டும். இரசம் வருவதற்குள் படம் எடுப்பதையே விட்டிருப்பார்.

இனித்தான் முக்கியமான இடம். கை கழுவும்போது, கோபத்தை அடக்கிக்கொண்டு, "எந்தத் தியேட்டரில பாத்தனீங்கள் அத்தான்?" என்று கேட்டேன்.

"தியேட்டரோ? எனக்கெங்கை நேரம். யூடியூப்பில ஒரு பொடியன் முழுக்கதையையும் பன்னிரண்டு நிமிசத்தில சொல்லுறான். அதையும் நான் வேகத்தைக் கூட்டிவிட்டுத்தான் பாத்தனான்."

பார்க்கவே இல்லை! படத்தையே பார்க்காத மனிதர், இன்னொருவன் சொன்ன கதையை ஓட்டமாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் பயமே வரேல்லை" என்கிறார். எப்படி ஐயா வரும்? பேய்ப்படத்தில் பாதிப் பயம் காதால் வருவது. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கதவின் கிறீச் மட்டும் கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்து, எங்களைக் காத்திருக்க வைத்து, இனி ஒன்றுமில்லை என்று நாங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து அடிப்பார்கள். அதற்கு உடம்பு துள்ளுவது வீரத்தோடு சம்பந்தப்பட்ட விசயமே இல்லை, திடீர்ச் சத்தத்துக்கு யாருடைய உடம்பும் துள்ளும். அந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ஒரு கிழவி, ஒரு கதவு.

இவர் மட்டுமா? 2018 இல் வந்த 'எ குவைட் பிளேஸ்' படத்தில், சத்தம் போட்டால் ஆள் முடிந்தது என்பதுதான் கதையே. அதைக் கைபேசியில், பக்கத்தில் சீரியல் ஓட ஓடப் பார்த்துவிட்டு, "என்ன படம் அது, ஒருத்தரும் கதைக்கினமில்லை" என்றார் எனக்குத் தெரிந்த ஒருவர். மம்முட்டி நடித்த 'பிரமயுகம்' 2024 இல் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஒரு பாழ்மனை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், மழை, இருட்டு. கலர் இல்லாததுதான் அந்த இருட்டுக்கே பலம். எங்கள் மாமி பத்து நிமிடம் ரிமோட்டை அமத்திப் பார்த்துவிட்டு, டிவி பழுது என்று திருத்துகிற பொடியனுக்குப் போன் எடுத்தார். மாமியையாவது மன்னிக்கலாம், அவர் படத்தைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லவில்லை.

வெளிநாட்டுச் சொந்தங்கள் தனி ரகம். எங்களுக்கு முதல் காட்சி தொடங்கமுன்பே அங்கே பார்த்து முடித்துவிடுவார்கள். ரொறன்ரோவில் இருந்து மாமா குடும்ப வாட்ஸ்அப்பில் குரற்செய்தி அனுப்புவார். எழுதியிருந்தால் பாதியில் கண்ணை மூடலாம், குரற்செய்தியை என்ன செய்வது? கேட்காமல் விடவும் முடியாது, யாரும் செத்த செய்தியாகவும் இருக்கலாம். கேட்டால் கடைசியில் செத்தது கதாநாயகன்.

எல்லாரையும் எதிர்த்துக் கதைக்கலாம், ஒரு வசனத்தை மட்டும் முடியாது. "சண்டைக் காலத்தில சகடைப் பிளேன் வந்து குண்டு போடேக்க பங்கருக்குள்ள இருந்து சீட்டு விளையாடின ஆக்கள் நாங்கள், உங்கடை பேய் எங்களுக்கு ஒரு பேயோ?" இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மைதானே. வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அத்தானும் கடைசியில் அதைத்தான் எடுத்துவிட்டார். ஆனால் அதே அத்தான் இன்றைக்கும் இரவில் வளவின் கோடியில் இருக்கிற கக்கூசுக்குத் தனியாகப் போகமாட்டார் என்று அக்கா எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறா. ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே அக்கா நிற்கவேண்டும். நிற்பது மட்டும் போதாது, நிற்கிறா என்று தெரிவதற்காகக் கதைத்துக்கொண்டும் இருக்கவேண்டுமாம்.

இரவு படத்துக்குப் போனேன். போகாமல் விட ரிக்கெற் காசு எனக்கென்ன மரத்திலா காய்க்கிறது? இடைவேளை முடிந்தது. அவள் பாலை அடுப்பில் வைத்தாள். தியேட்டர் முழுக்க மூச்சு விடாமல் இருக்கிறது, நான் மட்டும் கோண்டாவில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவன் மாதிரிக் கிழவியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தாள். முன்வரிசைப் பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார். வெளியே வரும்போது அவரே கேட்கிறார்: "அண்ணைக்குப் பயமே வரேல்லைப் போல?"

என்ன சொல்ல. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். அந்த அந்தியேட்டி வீட்டு வாசலில் கழற்றிவிட்ட என் புதுச் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். கறுப்பு, நீலப் பட்டி, வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குப் பதிலாக அவன் விட்டுப்போன சோடியில் இரண்டுமே இடது கால். அந்த ஆள் எப்படித்தான் வந்தான், எப்படித்தான் நடந்து போனான்? சொந்தக்காரர் யாராவது இதை வாசித்தால் மரியாதையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகவும். ஆர் என்று கேட்கமாட்டேன்.