அவர் எத்தனை நிமிடம் வருகிறார்?

(அமெரிக்காவில் மினியாபொலிஸ், 1993-ன் கடைசி. பழைய ரெக்கார்டுகளை வாங்கி விற்கும் கடை.)

வந்தவர்: ஒரு ஆல்பம் வேண்டும். பெயரைச் சொல்ல முடியாது.

கடைப்பெண்: மறந்துவிட்டதா?

வந்தவர்: நன்றாக நினைவிருக்கிறது. வாயால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். முதல் பாதி தங்கம். மறுபாதி கறுப்பர்களைத் திட்டும் வசவு. என்னைப் போன்ற வெள்ளைக்காரன் நாலு பேர் முன்னால் சொன்னால் உதைதான் விழும்.

கடைப்பெண்: நல்லது, சொல்ல வேண்டாம். பாடியவர் பெயரைச் சொல்லுங்கள்.

வந்தவர்: அதையும் சொல்ல முடியாது.

கடைப்பெண்: அதுவும் வசவா?

வந்தவர்: இல்லை, குறியீடு! ஒரு வட்டம், ஒரு அம்பு, குறுக்கே வளைந்து ஒரு கொம்பு. ஜூன் 7-ஆம் தேதி, தன்னுடைய 35-ஆவது பிறந்தநாளில் பெயரை அப்படி மாற்றிக்கொண்டாரே. பத்திரிகைகளுக்கெல்லாம் அந்தக் குறியீட்டை ஃபிளாப்பியில் போட்டு அனுப்பினார்களாம். எனக்கு யாரும் அனுப்பவில்லை.

கடைப்பெண்: பிரின்ஸ் என்றே சொல்லுங்கள் சார். போலீஸ் வராது.

வந்தவர்: அவர் மனம் புண்படும்.

கடைப்பெண்: அப்படியானால் கவலையே இல்லை. நீங்கள் கேட்பது அவர் பெயரில் வந்த ஆல்பம் இல்லை. நியூ பவர் ஜெனரேஷன் பெயரில் வந்தது.

வந்தவர்: அதாவது அவருடையது.

கடைப்பெண்: அதாவது அவருக்குப் பின்னால் நின்று வாசிப்பவர்களுடையது.

வந்தவர்: சரி சரி. அதில் அவர் எத்தனை நிமிடம் வருகிறார்?

கடைப்பெண்: தயாரிப்பு அவர், பாட்டு எழுதியதிலும் பங்கு உண்டு. ஆனால் முன்னால் நிற்கும் குரல் டோனி எம். முக்கால்வாசி ராப்.

வந்தவர்: டோனி எம்மா? 1990 டூரில் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்தானே?

கடைப்பெண்: அவரேதான். மறுவருஷம் 'டயமண்ட்ஸ் அண்ட் பேர்ல்ஸ்' வந்தபோதே மைக் கைக்கு வந்துவிட்டது. அட்டையிலும் பிரின்ஸ் பெயரோடு இவர்கள் பேண்டு பெயரும் இருக்குமே, பார்த்ததில்லையா?

வந்தவர்: பார்த்தேன். ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்தேன். அந்த ராப் வந்தால் நான் டேப்பை ஓட்டிவிடுவேன்.

கடைப்பெண்: எல்லா இடத்திலும் ராப் பிரமாதம் என்று நானும் சொல்லமாட்டேன். சில இடத்தில் விஷயத்தைவிட அதட்டல் அதிகம். ஆனால் டேப்பை ஓட்டும்போது அடியில் இருப்பதும் சேர்ந்துதானே ஓடிவிடுகிறது? பாஸ் கித்தாரில் சன்னி டி. நம் ஊர்க்காரர், உங்கள் ஆள் சின்னப் பையனாக இருந்தபோது அண்ணாந்து பார்த்த மனிதர். டிரம்ஸில் மைக்கேல் பிளாண்ட், அவரும் நம் ஊர்தான். முதல் அடியை ஆணி அடித்தமாதிரி ஊன்றிவிட்டு, அடுத்ததற்கு ஒரு நூல் தாமதிப்பார். அந்த ஒரு நூலில்தான் இடுப்பு தானாக அசையும். அதுதான் ஃபங்க். இந்தக் கடையில் போட்டால் கல்லாவில் சில்லறை குதிக்கிறது.

வந்தவர்: ஓ, டிரம்ஸ்காரரா! கச்சேரியில் அவர் தனியாக வாசிக்கும்போதுதான் நான் பீர் வாங்கப் போவேன். கூட்டம் இருக்காது.

கடைப்பெண்: கூட்டம் இல்லையா? ஆச்சரியம். உங்களைப் போன்றவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள் என்று நினைத்தேன்.

வந்தவர்: சரி, உத்தேசமாகச் சொல்லுங்கள். அவர் எத்தனை நிமிடம்?

கடைப்பெண்: அது தெரிந்தும் பயனில்லை. என்னிடம் ஆல்பம் இல்லை.

வந்தவர்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

கடைப்பெண்: முதலில் நீங்கள்தான் எதையும் சொல்லவில்லையே. அவர் ரெக்கார்டுகளை வெளியிடும் வார்னர் கம்பெனி இதை வெளியிட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அதனால் என்பிஜி ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிளில் போட்டு, ஐரோப்பாவில் கச்சேரிக்கு வந்தவர்களிடம் விற்றார்கள். இங்கே அவருடைய சொந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

வந்தவர்: போன வருஷம்தானே 10 கோடி டாலர் ஒப்பந்தம் என்று பேப்பரில் வந்தது? அவ்வளவு கொடுத்தவன் இதை ஏன் வேண்டாம் என்கிறான்?

கடைப்பெண்: அவன் காசு கொடுத்தது ஒரு குரலுக்கு. உங்களைப் போலவே நிமிடம் எண்ணிப் பார்த்திருப்பான்.

வந்தவர்: ஆனால் ஏப்ரலில் அவர், இனி ஸ்டுடியோவில் பாட்டே பதிவு செய்யமாட்டேன், பெட்டியில் கிடக்கும் பழையதைத்தான் தருவேன் என்று அறிவித்தாரே. அப்புறம் இது எப்படி?

கடைப்பெண்: இது அவர் இல்லையே. பேண்டு.

வந்தவர்: அதாவது அவர்.

கடைப்பெண்: எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு சார். பேண்டு பெயரைப் போட்டது பேண்டுக்காகவா, கம்பெனி கண்ணில் படாமல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவா? அவரால் தன் பெயரை வேண்டாம் என்று தூக்கிப் போட முடிகிறது, அதுவே உலகச் செய்தியாகிறது. சன்னி டி நாளைக்குப் பெயரை மாற்றிக்கொண்டால் யார் ஃபிளாப்பி அனுப்புவார்கள்?

வந்தவர்: யார் சன்னி டி?

கடைப்பெண்: பாஸ் கித்தார் சார். இப்போதுதான் சொன்னேன்.

வந்தவர்: ஆமாம், ஆமாம். அவர் எத்தனை நிமிடம் வருகிறார்?

கடைப்பெண்: முழுக்க வருகிறார்!

வந்தவர்: இல்லை, அவரைக் கேட்கவில்லை. இவரை.

கடைப்பெண்: (பெருமூச்சு) 'மனி டஸன்ட் மேட்டர் டுநைட்' சின்ன ரெக்கார்டு உங்களிடம் இருக்கிறதா? போன வருஷம் வந்ததே.

வந்தவர்: இருக்கிறதே! 'டஸன்ட்' இல்லை அம்மா, 'டோன்ட்'. தேயத் தேயக் கேட்டிருக்கிறேன்.

கடைப்பெண்: டோன்ட்தான், மன்னிக்கவும். அதன் பின்பக்கம் 'கால் த லா' என்று ஒரு பாட்டு. டோனி எம் ராப். நீங்கள் தேடும் ஆல்பத்தில் அதுவும் உண்டு. போய்த் திருப்பிப் போடுங்கள்.

வந்தவர்: அதைத் திருப்பவும் முடியுமா?

கடைப்பெண்: எல்லா ரெக்கார்டையும் திருப்பலாம் சார்.

வந்தவர்: அப்படியென்றால் அந்தப் பக்கம் ஊசியே படாமல் புத்தம் புதிதாக இருக்கும். கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?

கடைப்பெண்: பின்பக்கத்துக்கு முழு விலை தருகிறேன். முன்பக்கம் தேய்ந்ததற்கு நீங்கள் எனக்குத் தர வேண்டியிருக்கும்.