ரிஸ்க் டப்ளினில், ராத்திரி ஷிப்ட் சோழிங்கநல்லூரில்

போன ஜனவரியில் ஹவுஸ் ஓனரிடம் பான் நம்பர் கேட்டேன். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது இல்லாமல் எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப்படிக்கான வரிக் கழிவு கிடைக்காது. "அதெல்லாம் கேக்காதீங்க தம்பி, வேணும்னா வாடகைல ஐந்நூறு குறைச்சுக்கோங்க" என்றார். அந்த வரியை மார்ச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள்.

நான் செய்கிற வேலையே வரிக் கணக்குதான் என்பது இதில் வேடிக்கை. சென்னை ஓஎம்ஆரில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிளைகளுக்கு டிரான்ஸ்ஃபர் பிரைசிங் கணக்கு எழுதுகிறேன். ஒரே குடும்பத்துக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று என்ன விலை போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

பேச்சுக்கு ஒரு சாஃப்ட்வேர். சோழிங்கநல்லூரில் இருநூறு பேர் எழுதுகிறார்கள். சம்பளம், வாடகை, கரன்ட், கேப், கேன்டீன் எல்லாம் சேர்த்துச் செலவு 100 ரூபாய். தாய்க் கம்பெனி 115 ரூபாய் அனுப்பும். 15 ரூபாய் இங்கே லாபம். அதற்கு வரி ஒழுங்காகக் கட்டுவார்கள். அந்த சாஃப்ட்வேர் உலகம் முழுக்க ஆயிரம் ரூபாய்க்கு விற்றால்? அதன் உரிமை அயர்லாந்துக் கம்பெனி பெயரில் இருக்கிறது, மிச்சம் அங்கே போய்விடும். அங்கே பல வருடங்களாக 12.5 சதவீத வரி; 2024இலிருந்துதான் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு 15.

இதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லாப் பேப்பரும் சுத்தம். தொழிலின் ரிஸ்க் அவர்களுடையது, அதனால் லாபமும் அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் போன் அடிப்பது என்னவோ பள்ளிக்கரணையில் தூங்கும் பையனுக்கு.

வரியைக் குறைத்தால் கம்பெனிகள் இங்கேயே லாபத்தைக் காட்டும் என்பார்கள். 2019 செப்டம்பரில் குறைத்தோம்: சலுகைகளை விட்டுக்கொடுக்கும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 22 சதவீதம், புதிய தொழிற்சாலைகளுக்கு 15. அதற்கு முன்பெல்லாம் அரசுக்கு வந்ததில் தனிநபர் வருமான வரியைவிட கார்ப்பரேட் வரிதான் அதிகம். 2023-24இல் தனிநபர் வரி சுமார் 10.4 லட்சம் கோடி, கார்ப்பரேட் வரி 9.1 லட்சம் கோடி. நிஜமாகவே எவ்வளவு குறைத்தால் போதும்? ஐரோப்பிய ஆணையத்தின் கணக்குப்படி, ஆப்பிள் தன் ஐரோப்பிய லாபத்துக்கு 2014இல் அயர்லாந்தில் கட்டிய வரி 0.005 சதவீதம். 1,300 கோடி யூரோ பாக்கியை ஆப்பிளிடம் வசூலி என்று ஆணையம் அயர்லாந்திடம் சொன்னபோது, வேண்டாம் என்று வழக்குப் போட்டது அயர்லாந்து அரசு! 2024 செப்டம்பரில் தோற்றது.

வழி நம் கையிலேயே இருந்தது. 2019 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் குழு ஒன்று, வெளிநாட்டுக் கம்பெனியின் லாபத்தை விற்பனை, ஆட்கள், சொத்து மூன்றுக்கும் சம எடை கொடுத்துப் பிரிக்கலாம் என்று எழுதியது. அதை இந்த மாதிரி கிளைகளுக்கும் நீட்டியிருக்கலாம். சட்டமாகவே ஆகவில்லை. கையில் இருந்த கூகுள் வரியையும், அதுதான் ஆன்லைன் விளம்பரத்துக்கான அந்த 6 சதவீதம், 2025 ஏப்ரலோடு எடுத்துவிட்டோம். பதிலுக்கு என்ன வாங்கினோம் என்று எனக்குப் புரியவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே நோக்கியாவை இழுப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2013இல் வரி நோட்டீஸ் போனது, 2014 நவம்பரில் ஆலை மூடியது, நிறையப் பேர் வேலை இழந்தார்கள். அந்த வலி உண்மை. சொத்தை முடக்கிவைத்து வருடக்கணக்கில் இழுத்த விதமும் தப்புதான். ஆனால் அதே காலத்தில் நோக்கியா போன் சந்தையிலேயே தோற்றுக்கொண்டிருந்தது. ஓஎம்ஆருக்குக் கம்பெனிகள் வருவது 115 ரூபாய் ஃபார்முலாவுக்காக இல்லை, இந்தச் சம்பளத்தில் இத்தனை இன்ஜினியர்கள் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காததால். 115ஐ 130 ஆக்கச் சொன்னால் பேரம் பேசுவார்கள், கத்துவார்கள். மூட்டை கட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.