மதியம் நின்றுபோகும் இன்வெர்ட்டர்

எதிர்கால மின்கட்டமைப்புக்குக் கணிதம் என்று தொடங்கிய கட்டுரை, காற்றையும் வெயிலையும் முன்கூட்டிக் கணிப்பதோடு நின்றுவிட்டது. அது வேண்டியதுதான், ஆனால் சிக்கல் தெருக்கோடியில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெருவில் பல கூரைகளில் சோலார். வெயில் உச்சியில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் லைனுக்கு மின்சாரம் தள்ளுவதால் லைன் வோல்டேஜ் 255-ஐத் தாண்டும்; சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுத் தானே நின்றுவிடும். அதுவும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளியிருக்கும் வீட்டில்தான் முதலில். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. என்ன நியாயம் இது?

வோல்டேஜ் ஏற ஏற ஒவ்வொரு இன்வெர்ட்டரும் கொஞ்சம் ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல் லைனில் போய்வரும், ஆனால் வோல்டேஜை ஏற்றி இறக்கும் பவர்) உறிஞ்சி அதைக் கட்டுப்படுத்தலாம். தெரு லைன்களில் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் அது மட்டும் போதாது. எல்லோரும் உற்பத்தியையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். எந்த வேகத்தில் என்பதுதான் கணக்கு. வோல்டேஜ் ஏறினால் எவ்வளவு குறைப்பது என்று காட்டும் சாய்வுக்கோடு ரொம்பச் செங்குத்தானால் இன்வெர்ட்டர்கள் ஒன்றையொன்று துரத்தி வோல்டேஜ் ஊசலாடும்.

பெரிய லைன்களில் இந்த வசதி வந்துவிட்டது. 2021-ல் திறந்த புகளூர்–திருச்சூர் 2000 மெகாவாட் டிசி (நேர்மின்னோட்ட) லைனில் ஆக்டிவ் பவர் (உண்மையில் வேலை செய்யும் பவர்), ரியாக்டிவ் பவர் இரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். சரி, தெருவுக்கு எப்போது? வீட்டு பேட்டரிகளை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.